எலி வளையும் புல் நிலமும்



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் எலி. யானையைப் பற்றியோ புலியைப் பற்றியோ பேச ஒருவர் மேடை ஏறினால் சபை நிமிர்ந்து உட்காருகிறது. எலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று சொன்ன மாத்திரத்தில் முன்வரிசையில் இரண்டொரு புன்னகைகள் மலர்வதைக் காண்கிறேன். மலரட்டும். களஞ்சியத்தில் நெல்லைத் தின்று, அலமாரியில் புத்தகத்தைக் கடித்து, வரப்பைத் துளைத்து நீரை வடியவிடும் அந்தப் பிராணியினிடத்தில் நமக்கு உள்ள மனஸ்தாபம் நியாயமானதுதான். ஆனால் வீட்டையும் வயலையும் விட்டு வெளியே, மனிதன் விதைக்காத விஸ்தாரமான புல்வெளிக்கு என்னோடு வாருங்கள். அங்கே எந்தப் புல் தழைக்க வேண்டும், எந்தப் பூண்டு ஒடுங்க வேண்டும், எந்த மண்ணில் சத்துச் சேர வேண்டும், எந்த மண்ணில் அது குறைய வேண்டும் என்ற விஷயங்களிலெல்லாம், சிறிய கொறிக்கும் பிராணிகளுக்கு இருக்கும் அதிகாரத்தைப் பற்றியே நான் பேசப் போகிறேன். என் உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்க நாட்டிலிருந்து வரும். அங்கேதான் இந்தக் கேள்வியைச் சிலர் பொறுமையாக, மிகவும் பொறுமையாக, பல்லாண்டுக் கணக்கில் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு கணக்கு. அமெரிக்க அரசாங்கத்தின் உயிரியல் அளவைத் துறைக்குத் தலைவராக இருந்த கிளின்டன் ஹார்ட் மெரியம் என்பவர், 1902-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் கட்டுரை ஒன்றில், பிரெய்ரி நாய் என்று அந்நாட்டார் அழைக்கும் பிராணியைப் பற்றி எழுதினார். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். அது அணில் குலத்தைச் சேர்ந்த, வளையில் கூட்டமாக வாழும் ஒரு கொறிப்பிராணி. டெக்ஸாஸ் மாநிலத்தில் 100 மைல் அகலமும் 250 மைல் நீளமும் கொண்ட ஒரே குடியிருப்பில் 40 கோடிப் பிரெய்ரி நாய்கள் இருக்கக்கூடும் என்று மதிப்பிட்ட அவர், 32 பிரெய்ரி நாய்கள் ஓர் ஆடு தின்னும் புல்லைத் தின்னும், 256 பிரெய்ரி நாய்கள் ஒரு பசு தின்னும் புல்லைத் தின்னும் என்று கணக்கிட்டார். அப்படியானால் அந்த ஒரு குடியிருப்பு மட்டும் 15 லட்சம் பசுக்களின் தீனியைக் கொள்ளையடிக்கிறது! கணக்கு எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் இதைப் படித்தால் அன்றிரவு உறங்குவாரா? அவர் உறங்கவில்லை, அரசாங்கமும் உறங்கவில்லை. ஸ்டிரிக்னைன் என்ற கொடிய விஷம் தடவிய தானியம் பல ஆண்டுகளாகப் புல்வெளியெங்கும் தூவப்பட்டது, வளைகள் வெறுமையாயின. அந்தப் பிராணியையே இரையாக நம்பி, அதன் வளையிலேயே குடியிருந்த கருங்கால் கீரி என்னத்தக்க வேட்டைப் பிராணி, உலகத்தில் 18 மட்டுமே எஞ்சி 1987-ஆம் ஆண்டுக்குள் கூண்டில் வைத்துக் காப்பாற்ற வேண்டிய நிலைக்கு வந்தது.

மெரியம் சாமானியர் அல்லர், பேரறிஞர். கூட்டலிலும் பெருக்கலிலும் அவர் பிழை செய்யவில்லை. புல்வெளியை அவர் ஒரு களஞ்சியமாகப் பாவித்தார். உள்ளே இவ்வளவு இருக்கிறது, இதில் இவன் இவ்வளவு எடுத்தால் அவனுக்கு இவ்வளவு குறையும் என்று எண்ணினார். களஞ்சியத்து நெல் எடுத்தால் குறையும்; மறுபடி முளைக்காது. வேரோடு நிற்கும் புல் அப்படிப்பட்டதா?

தெற்கு டகோட்டா மாநிலத்தில் விண்ட் கேவ் தேசியப் பூங்கா என்ற இடத்தில், ஜேம்ஸ் டெட்லிங் முதலான ஆராய்ச்சியாளர்கள் 1980-ஆம் ஆண்டுகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பிரெய்ரி நாய் தின்பதற்காக மட்டும் புல்லை வெட்டுவதில்லை. பருந்தும் நரியும் வருவது தூரத்திலேயே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, தான் தின்னாத உயர்ந்த செடியையும் வெட்டித் தள்ளுகிறது. அதனால் அது குடியேறிய சில ஆண்டுகளுக்குள் இடுப்பளவு வளரக்கூடிய புற்கள் பின்வாங்கித் தரையோடு படரும் குட்டைப் புற்கள் இடம்பிடிக்கின்றன. குடியிருப்பின் மிகப் பழைய நடுப்பகுதியில் புல்லே குறைந்து, அகன்ற இலைப் பூண்டுகளும் சிறு புதர்களும் மிகுகின்றன. ஒரே புல்வெளிக்குள் இப்படி வெவ்வேறு வயதுடைய மூன்று உலகங்கள் அடுத்தடுத்து அமைகின்றன. இன்னொரு விசேஷம்: ஓயாமல் வெட்டப்படும் புல் ஓயாமல் துளிர்க்கிறது, துளிர் இலையில் முற்றிய இலையைவிடத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மிகுதி. அளவில் குறைந்த அந்தப் புல், தரத்தில் உயர்ந்த புல். இது ஆராய்ச்சிக்கூடத்தில் மட்டும் தெரிந்த சங்கதி என்று எண்ணாதீர்கள். பைசன் என்னும் காட்டெருதுகளுக்கு இது நெடுங்காலமாகத் தெரியும். வெளியே புல் உயர்ந்து நிற்க, அதை விட்டுவிட்டுப் பிரெய்ரி நாய்களின் குடியிருப்பைத் தேடி வந்து அவை மேய்கின்றன.

அப்படியானால் பண்ணைக்காரருக்கு நஷ்டமே இல்லையா? உண்டு. அதை மறைத்துப் பேசுவது விஞ்ஞானத்துக்கும் அழகில்லை, சொற்பொழிவுக்கும் அழகில்லை. கொலராடோ மாநிலத்துக் குட்டைப் புல்வெளியில் மாடுகளை நிறுத்தி எடை பார்த்து 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, மேய்ச்சல் நிலத்தில் 60 சதவீதத்தைப் பிரெய்ரி நாய்கள் பிடித்துக்கொண்டபோது மாடுகளின் எடைப்பெருக்கம் ஏறக்குறைய 14 சதவீதம் குறைந்தது என்று கண்டது. நிலத்தில் பாதிக்கு மேல் போயிற்று. எடையில் ஏழில் ஒரு பங்குதான் போயிற்று. நஷ்டம் மெய், மெரியம் போட்ட கணக்கு மட்டும் மெய்யில்லை.

சரி, பற்களின் வேலையைப் பார்த்தோம். இனி நகங்களின் வேலையைப் பார்ப்போம். மண்ணுக்குள் இறங்குவோம்!

மண்புழுவின் பெருமையை 1881-ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வின் ஒரு நூலாகவே எழுதினார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் புழுக்களுக்கு அவர் கொடுத்த ஸ்தானத்தில் ஒரு பங்கைக் கொறிப்பிராணிகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று, 1923-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஜோசப் கிரின்னெல் என்பவர் வாதாடினார். அவர் மனத்தில் முக்கியமாக இருந்தது கோஃபர் என்னும் பிராணி. அது வெளிச்சத்தையே விரும்பாதது; ஆயுளில் பெரும்பகுதியை நிலத்துக்கு அடியில் கழிப்பது; சுரங்கம் தோண்டிக்கொண்டே வழியில் அகப்படும் வேர்களையும் கிழங்குகளையும் தின்பது; தோண்டிய மண்ணை மேலே தள்ளிக் குவிப்பது. வேரைத் தின்பதால் விரோதி என்று பேர் வாங்கிய அந்தப் பிராணி, மாடுகளின் குளம்பால் இறுகிப்போன நிலத்தைக் கிளறி, காற்றும் நீரும் இறங்க வழி செய்கிறது என்று கிரின்னெல் எடுத்துக்காட்டினார்.

நல்லது. ஆகவே கோஃபர் மண்ணை வளப்படுத்துகிறது என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்படக் கூடாது. மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகருக்கு வடக்கே, சீடர் கிரீக் என்ற இடம் இருக்கிறது. பண்டைக் காலத்தில் பனிப்பாறைகள் உருகி ஓடிய நீர் படிய வைத்துவிட்டுப் போன மணல் பூமி அது. உழுது பயிரிட்டுப் பிறகு கைவிடப்பட்ட வயல்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆண்டில் கைவிடப்பட்டவை, அங்கே உண்டு. ரிச்சர்ட் இனோயே, நான்சி ஹன்ட்லி, டேவிட் டில்மன் முதலியோர் அந்த வயல்களில் கோஃபர் தள்ளிய மண்குவியல்களைச் சோதித்து 1987-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். என்ன கண்டார்கள்? குவியலின் மண்ணில் தழைச்சத்து அதிகமில்லை. சுற்றியுள்ள மேல்மண்ணைவிடக் குறைவு! காரணம் எளிது. இலையும் வேரும் மட்கிச் சேர்ந்த சத்தெல்லாம் அங்கே மேலே ஒரு மெல்லிய அடுக்காகத்தான் இருக்கிறது. அதற்குக் கீழே வெறும் மணல். கோஃபர் அந்தச் சாரமற்ற மணலை வாரி வந்து, சாரமுள்ள அடுக்கின் தலைமேல் கொட்டுகிறது.

ஆனால் அதே குவியல், அடியிலிருந்த புல்லை மூடிவிடுவதால், அந்த ஓரடி ஈரடி இடத்தில் சூரிய வெளிச்சம் தடையின்றித் தரையைத் தொடுகிறது. சத்துக் குறைவு, வெளிச்சம் மிகுதி. பக்கத்தில் இரண்டு முழ தூரத்தில் சத்து மிகுதி, வெளிச்சம் குறைவு. இப்படி அடிக்கு அடி மாறும் நிலத்தில் ஒரே செடி சர்வாதிகாரம் செலுத்த முடியுமா? நிழலில் திணறிப்போகும் சிறு விதைக்கும் அங்கே ஓர் இடம் கிடைக்கிறது. இதிலும் ரஸமான செய்தி, 1983-ஆம் ஆண்டில் டில்மன் வெளியிட்டது: அந்தப் பூமியில் ஆராய்ச்சிக்காக நைட்ரஜன் உரமிட்ட பாத்திகளுக்கு, உரமிடாத பாத்திகளைவிட அதிகமான கோஃபர்கள் வந்து தோண்டின. சத்துள்ள இடத்தை நாடி வருகிறது. வந்து தோண்டி, சத்தில்லாத மண்ணை மேலே போடுகிறது. சத்து பிராணியை அழைக்கிறது. பிராணி சத்தை மாற்றிவிடுகிறது. எது காரணம், எது காரியம் என்று தர்க்க சாஸ்திரிகள்தாம் சொல்ல வேண்டும்!

இங்கிருந்து மேற்குக் கடற்கரைக்கு வாருங்கள். வாஷிங்டன் மாநிலத்தில் செயின்ட் ஹெலன்ஸ் என்ற எரிமலை, 1980-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் தேதி காலை 8 மணி 32 நிமிஷத்துக்கு வெடித்தது. 57 மனிதர்கள் மாண்டனர். காடுகள் வேரோடு சாய்ந்தன. பெரிய மிருகங்கள் மடிந்தன. சாம்பலும் நுரைக்கல்லும் நிலத்தை மூடின. யார் தப்பினார்கள் தெரியுமா? சில இடங்களில், மண்ணுக்கடியில் தம் சுரங்கங்களில் இருந்த கோஃபர்கள் தப்பின. தப்பியவை என்ன செய்தன? தமக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்தன, தோண்டின. அப்படித் தோண்டியபோது, சாம்பலுக்குக் கீழே புதைந்து கிடந்த பழைய மண், தன் சத்தோடும், செடிகளின் வேரோடு கூடி வாழும் பூஞ்சைகளின் வித்துக்களோடும், சாம்பலைக் கடந்து மேலே வந்தது. காற்றில் மிதந்து வந்த விதைகளுக்கு அந்தக் குவியல்கள் தொட்டில்களாயின.

இதைக் கண்டவர்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. நுரைக்கல் மட்டுமே பரந்து கிடந்த பாழ்நிலத்துக்கு 1983-ஆம் ஆண்டில் சில கோஃபர்களை எடுத்துப்போய், வேலி கட்டிய சிறு பகுதிகளில், ஒரே ஒரு நாள், தோண்ட விட்டார்கள். அதற்கு முன் ஒரு டஜன் செடிகளே அங்கே உயிரோடு ஊசலாடிக்கொண்டிருந்தன. ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, கோஃபர் தோண்டிய பகுதியில் 40,000 செடிகள் நின்றன. சுற்றுப்புறம் பெரும்பாலும் பாழாகவே கிடந்தது. நாற்பது ஆண்டு கழித்து, மைக்கேல் ஆலன் முதலானோர் அதே மண்ணை மறுபடி சோதித்தபோதும், அதில் வாழும் நுண்ணுயிர்களில் அந்த ஒரு நாளின் சுவடு எஞ்சியிருந்ததென்று 2024-ஆம் ஆண்டில் எழுதினார்கள்.

அன்பர்களே, இந்த இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மினசோட்டாவிலும் கோஃபர் தோண்டியது. எரிமலையிலும் கோஃபர் தோண்டியது. அங்கே குவியல் வறிய மண்; இங்கே குவியல் வளமான மண். பிராணியின் குணம் மாறிவிட்டதா? இல்லை. அதன் நகம் மாறிவிட்டதா? இல்லை. அங்கே சத்து மேலே இருந்தது, இங்கே சத்து கீழே இருந்தது, அவ்வளவே பேதம். எலி மண்ணுக்கு நன்மை செய்கிறதா, தீமை செய்கிறதா என்று பொதுவாகக் கேட்கிறவருக்கு, எந்த மண்ணுக்கு என்ற கேள்வியே பதிலாகக் கிடைக்கும்.

ஒரே இடத்தில், ஒரே பிராணி, ஒரே சமயத்தில் இரண்டு விதமாகவும் நடந்துகொள்வதுண்டு. யெல்லோஸ்டோன் பூங்காவின் ஆற்றோரப் புல்வெளிகளில் வோல் என்னும் குட்டைவால் எலியை ஆராய்ந்தவர்கள் 2000-ஆம் ஆண்டில் சொன்னது இது: அதன் மூத்திரமும் புழுக்கையும் மண்ணில் தழைச்சத்தை உடனுக்குடன் ஊட்டுகின்றன; ஆனால், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தரும் பயறு இனச் செடிகளைத்தான் அது ருசித்துத் தின்கிறது. ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுக்கிறது. கொடுப்பது இன்றே தெரிகிறது. எடுப்பது தெரியப் பல ஆண்டு ஆகிறது.

பல ஆண்டு என்றேன். பல ஆண்டு காத்திருந்து பார்த்த ஓர் ஆராய்ச்சியின் கதையைத்தான் நான் ஆசையோடு கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

அரிசோனா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், சிரிக்காவா மலைகளின் அடிவாரத்தில், போர்ட்டல் என்ற சிற்றூர். பாலைநிலமும் புல்நிலமும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் பிரதேசம். அங்கே கங்காரு எலி என்ற பிராணி இருக்கிறது. பின்னங்கால்களால் தாவித் தாவி ஓடுவதால் அந்தப் பேர். தண்ணீர் குடிக்காமலே வாழவல்லது. கன்னங்களுக்கு வெளியே ரோமம் படிந்த இரண்டு பைகள் உண்டு. இரவெல்லாம் விதை பொறுக்கி அப்பைகளில் நிரப்பி வந்து சேமிப்பது அதன் தொழில். அங்கே அதில் மூன்று ஜாதிகள் உண்டு; பெரிய ஜாதி 120 கிராம் எடையிருக்கும். மற்ற இரண்டும் அதில் பாதிகூட இராது. பெரிய ஜாதி தன் வளைமேல் எழுப்பும் மண்மேட்டை 1922-ஆம் ஆண்டில் அகழ்ந்து பார்த்தவர்கள், ஒரே வளைக்குள் 5 கிலோகிராமுக்கு மேற்பட்ட சேமிப்பைக் கண்டார்கள். 1932-ஆம் ஆண்டில் அத்தகைய மேட்டின் மண்ணைப் பகுத்துப் பார்த்தவர்கள், அக்கம்பக்கத்து மண்ணைவிட அதில் கரையும் உப்புச் சத்துக்கள் மிகுந்திருக்கக் கண்டார்கள்.

சேமிப்பு என்றதும் நம் புறநானூறு நினைவுக்கு வருகிறது. விளைந்த கதிரைக் கவர்ந்து வளையை நிரப்பும் எலியை, ஈயாத சிறுமனத்தாருக்கு உவமை சொல்லி, அவர் நட்பே வேண்டாம் என்று பாடியிருக்கிறான் சோழன் நல்லுருத்திரன். வயலருகில் நின்று கூர்ந்து பார்த்தவன் கண் அது; அதைக் குறை சொல்ல நான் யார்? ஆயினும் நெவாடா மாநிலத்து வறண்ட வெளிகளில், அந்நாட்டுப் பழங்குடி மக்கள் உணவாகக் கொண்ட ஒரு காட்டுப் புல்லின் நாற்றுகள் பெரும்பாலும் எங்கிருந்து முளைக்கின்றன தெரியுமா? கங்காரு எலி மண்ணில் சிறுசிறு குழிகளில் புதைத்துவிட்டு, திரும்ப வந்து எடுக்காமற்போன சேமிப்பிலிருந்துதான் கொத்துக்கொத்தாக முளைக்கின்றன. உலோபி வைத்த தனம் ஊருக்குப் பயன்பட்டது!

போர்ட்டலுக்குத் திரும்புவோம். 1977-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரவுன் என்ற பேராசிரியரும் அவர் கூட்டாளிகளும் அங்கே 24 பாத்திகள் வகுத்தார்கள். ஒவ்வொன்றும் 50 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம். சுற்றிலும் நெருக்கமான கம்பிவலை வேலி. வேலியில் சிறு வாசல்கள். சில பாத்திகளில் எல்லா எலிகளும் புகக்கூடிய பெரிய வாசல். சிலவற்றில் சுண்டெலி புகலாம், கங்காரு எலி புக முடியாது என்ற அளவில் சிறிய வாசல். சிலவற்றில் வாசலே இல்லை. எவ்வளவு எளிய உபாயம்! மாதந்தோறும், நிலா இல்லாத இரவுகளை ஒட்டிப் பொறி வைத்து, எந்தப் பாத்தியில் எந்த எலி என்று எண்ணிக் குறித்தார்கள். புல்லையும் பூண்டையும் எண்ணிக் குறித்தார்கள்.

முதல் சில ஆண்டுகளில் நடந்தது யாரும் எதிர்பார்க்கக்கூடியதே. கங்காரு எலி பெரிய விதைகளைத் தேடித் தின்பது. அது போனதும், பெரிய விதை தரும் பனிக்காலப் பூண்டுகள் பெருகின. அத்தோடு அறிக்கை எழுதி, வேலியைப் பிடுங்கி, கம்பியை விற்றிருந்தால் கதை முடிந்திருக்கும். விஞ்ஞான ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் பொதுவாக விரும்புவதும் அதைத்தான். பிரவுன் வேலியைப் பிடுங்கவில்லை. மாதம் போயிற்று, ஆண்டு போயிற்று, ஐந்தாண்டு, பத்தாண்டு போயிற்று. பன்னிரண்டு ஆண்டுக்குப் பின், 1990-ஆம் ஆண்டில், அவரும் எட்வர்ட் ஹெஸ்கியும் ஸயன்ஸ் பத்திரிகையில் எழுதியதைக் கண்டு உயிரியலார் வியந்தார்கள். கங்காரு எலிகள் இல்லாத பாத்திகளில், புதர்களுக்கு இடையே வெறுந்தரையாக இருந்த இடங்களை உயர்ந்த புற்கள் வந்து மூடியிருந்தன. அவற்றின் அடர்த்தி ஏறக்குறைய மூன்று மடங்காகியிருந்தது. பாலைநிலம், புல்நிலமாக மாறிக்கொண்டிருந்தது! புல்நிலத்துக்கே உரிய வேறு எலி இனங்கள் எங்கிருந்தோ தேடி வந்து குடியேறியிருந்தன. தரையில் விதை பொறுக்கும் பறவைகளோ, புல் மண்டிய அந்தப் பாத்திகளுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டன.

மழை கூடவில்லை, வேலிக்கு உள்ளும் புறமும் ஒரே மழை. மண் மாறவில்லை. மாடு ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. மூன்று ஜாதி எலிகளை வெளியே நிறுத்தினார்கள், அவ்வளவுதான். விதையைத் தேர்ந்து தின்பதாலும், தரையை ஓயாமல் கிளறிக்கொண்டே இருப்பதாலும், அந்தச் சிறு பிராணிகள் ஒரு நிலத்தையே புல்நிலமாக விடாமல் தடுத்து நிறுத்தியிருக்கின்றன. டகோட்டாவின் பிரெய்ரி நாயைப் போல வெட்டியும் அல்ல, கோஃபரைப் போல அடிமண்ணை மேலே புரட்டியும் அல்ல. விதைகளுக்குள்ளே வித்தியாசம் பார்த்து, மேல்தரையைக் கிளறி.

வெளியே நிறுத்தப்பட்ட எலிகளின் பங்கு உணவு, அந்தப் பாத்திகளில் என்ன ஆயிற்று? உள்ளே இருந்த சுண்டெலிகள் அதை எடுத்துக்கொண்டிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். எடுத்துக்கொள்ளவில்லை, ஏறக்குறைய இருபது ஆண்டுக் காலம், விதையில் பெரும்பங்கு தின்பாரற்றுக் கிடந்தது. 1995-ஆம் ஆண்டில், அதுவரை அந்தப் பக்கமே தலைகாட்டாத பெய்லி சுண்டெலி என்ற இனம் வந்து சேர்ந்தது. வந்து, கங்காரு எலி விட்டுப்போன பங்கை ஏறத்தாழ முழுவதும் எடுத்துக்கொண்டது. ஒரு பிராணி போன ஸ்தானத்தை எந்தப் பிராணியாவது நிரப்பிவிடும் என்று சுலபமாகப் பேசுகிறோம். நிரப்பிற்று, ஆனால் அந்த வேலைக்குத் தகுதியுள்ள ஒரே ஓர் இனம் தற்செயலாக வந்து சேரும்வரை நிலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

2015-ஆம் ஆண்டில், பிரவுனுக்குப் பின் அந்தப் பணியைக் கையேற்றவர்கள் சில பாத்திகளின் வாசல்களைப் பெரிதாக்கித் திறந்துவிட்டார்கள். கங்காரு எலிகள் திரும்ப வந்தன. அதுவரை எந்த எலியுமே இல்லாதிருந்த பாத்திகளில் அவை விரைவாகக் குடியேறின. சுண்டெலிகள் இருந்து ஆண்டுவந்த பாத்திகளில், பழைய தொகையை எட்ட அவற்றுக்கு அதைவிட நீண்ட காலம் பிடித்தது. இத்தனைக்கும் உடலிலும் பலத்திலும் பெரியது கங்காரு எலிதான்.